கோமளாவின் கட்டைவிரல்

கோமளாவின் வலது கட்டைவிரலில் ரேகை கிடையாது. திருநின்றவூர் ரேஷன் கடையில் மெஷின் மேல் அதை வைத்தால் மெஷின் மூன்று முறை கத்திவிட்டுச் சும்மா இருந்துவிடும். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கடைக்காரர் தலையைத் தூக்காமலே கேட்பார்.

“இன்னாம்மா, விரல ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா?”

“கல்லு தின்னுடுச்சி அண்ணாத்தே. இந்தா, இந்தக் கைய புடி.” இடது கையை நீட்டுவாள்.

அவள் சொல்வது தமாஷ் இல்லை. பத்தொன்பது வருடமாக ஜல்லிக் கல்லை ஒவ்வொன்றாக அந்த விரலால் தள்ளிக்கொண்டிருந்தவள். கல் விரலைத் தேய்த்தது எல்லாருக்கும் தெரியும். அதே கல் இன்னொரு பொருளையும் தேய்த்தது அவளுக்கே தெரியாது. அது தெரிவதற்குள் ஒரு தொழிலாளியின் வேலை போயிற்று, பேரும் போயிற்று. தெரிந்த பிறகு அவள் உண்மையைச் சொல்லக் கிளம்பினாள். சும்மா இரு என்று தடுத்தவன் நான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருடம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி கேட்டுகளில் நின்று தொழிற்சங்க நோட்டீஸ் கொடுத்தவன் நான். மற்றவர்கள் தப்பைப் பற்றி எழுதிய கை, இந்த ஒரு தடவை தன் தப்பையும் எழுதட்டும்.

கோமளாவை எனக்கு அவள் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த காலத்திலிருந்து தெரியும். எங்கள் சங்கத்தில் உறுப்பினர். கேட் மீட்டிங்குக்கு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவாள். அந்தக் கம்பெனி மூடியபோது எங்களால் அவளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளே தேடி, எஸ்டேட்டுக்குள் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். காலை ஏழே முக்கால் லோக்கலில் திருநின்றவூரில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்குவாள். அங்கிருந்து நடை. கணவருக்கு முதுகு போய்ப் படுத்த படுக்கை. மகள் தீபிகா நர்சிங் இரண்டாம் வருடம். வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் இவள் ஒருத்திதான்.

அந்தக் கூடத்துக்கு சிமெண்ட் வரும், கம்பி வரும், மணல் வரும். ரோடு போடுகிறவர்கள் ஜல்லி மூட்டை அனுப்புவார்கள். கோமளாவின் பொறுப்பு ஜல்லியின் வடிவம். ரோட்டுக்குப் போகும் ஜல்லி நாலு பக்கமும் கட்டையாக, முனை முனையாக இருக்க வேண்டும். பிஸ்கட் மாதிரி தட்டையாக இருந்தால் உதவாது. ரோலர் ஏறினால் உடையும். உடைந்த பக்கத்தில் தார் ஒட்டியிருக்காது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். அடுத்த மழையில் அங்கே பள்ளம், பள்ளத்தில் ஒரு பைக். தட்டைக் கல்லுக்கு எங்கள் பக்கத்தில் சப்பை என்று பேர். ஒன்றுமில்லாத விஷயத்தையும் சப்பை மேட்டர் என்போம். இரண்டும் ஒரே சொல். இந்தக் கதையே அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டது.

வேலை இப்படி. மூட்டையைத் தரையில் கொட்டிக் கலக்க வேண்டும். குவித்து, தட்டி, நாலு கூறு போட்டு, எதிர் எதிர் இரண்டு கூறுகளைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி அதேபோல. பிறகு சல்லடை சல்லடையாகச் சலித்து, ஒவ்வொரு அளவிலும் இருநூறு கல்லுக்குக் குறையாமல் எடுத்து எடை போட வேண்டும். அதன் பிறகு கேஜ். நீளவாக்கில் வரிசையாகத் துளைகள் வெட்டிய ஒரு இரும்புத் தகடு. ஒவ்வொரு அளவுக் கல்லுக்கும் ஒரு துளை. கல்லை எடு, துளையில் வை, எப்படித் திருப்பினால் போகுமோ அப்படியெல்லாம் திருப்பிப் பார். போய்விட்டால் சப்பை, இடது தட்டு. போகாவிட்டால் நல்ல கல், வலது தட்டு. வலது தட்டில் விழுந்ததை இன்னொரு கேஜில் வைத்து, ரொம்ப நீளமா என்று பார்க்க வேண்டும். சப்பையும் நீட்டும் சேர்ந்து நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் போனால் ஃபெயில். மூட்டை மட்டும் இல்லை, அது வந்த கல் உடைக்கும் கிரஷரே ஃபெயில்.

இதை அவள் சலித்துக்கொள்ளாமல் செய்தாள். பக்கத்து மேஜை வினோத் பத்துக் கல் தள்ளுவதற்குள் அவள் நாற்பது தள்ளுவாள். ஒரு கல்லையும் இரண்டு முறை திருப்பாமல் தட்டில் போட மாட்டாள். சாம்பிளைக் கொண்டுவந்த கான்ட்ராக்டர் ஆள் ஒருவன் ஒரு தரம் அவள் காதில் கிசுகிசுத்தானாம், “அக்கா, கண்ண மூடிகினு ரெண்டு கைப்புடி நல்ல தட்டுல போடேன்.” அவள் சத்தமாகச் சொன்னாளாம், “கண்ண மூடுனா விரல் நசுங்கும்டா, நைனா.” லேப் முழுக்கச் சிரித்தது. அந்த ஆள் அதற்கப்புறம் உள்ளே வருவதில்லை, வாசலில் மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவான்.

இப்படிப்பட்டவள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வருடம் ஆடி மாதம், பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கிற ஒரு கிரஷரிலிருந்து தொடர்ந்து மூன்று மூட்டை வந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு. மூன்றும் ஃபெயில். ரோடு கான்ட்ராக்டர் லாரியைத் திருப்பி அனுப்பினார். கிரஷர் முதலாளி அய்யாசாமி, மெஷின் ஓட்டிய ஆபரேட்டர் அப்துல் ரசாக்கை அன்றைக்கே வெளியே போகச் சொன்னார். பன்னிரண்டு வருடம் அந்த மெஷினை ஓட்டியவர். அய்யாசாமி அதோடு விடவில்லை. சுற்றி இருக்கிற கிரஷர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டார். ஒரு வாரத்தில் ரசாக்குக்குப் புதுப் பேர் வந்துவிட்டது: சப்பை பாய்.

பத்தாம் நாள் ரசாக் நேராக லேபுக்கு வந்தார். ஐம்பது வயது ஆள். காட்டுப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் நாலு கிலோ ஜல்லி.

“கல்லு அளக்குறது யாரு?”

“நான்தான். இன்னா வேணும் பாய்?”

“எனுக்கு ஒண்ணியும் வேணாம்க்கா. என் கல்லு எப்டி சப்பைன்னு நீ காட்டு. நான் பாத்துட்டுப் போறேன்.”

வினோத் நாற்காலியை இழுத்துப் போட்டான். ரசாக் உட்காரவில்லை. “அந்தப் பாறையே பொல்லாத பாறைக்கா. தகடு தகடா பொளக்கும். கல்ல நசுக்குற கோனுக்குள்ள எப்பவும் கல்லு ரொம்பி நின்னுகினே இருக்கணும். காலியா வுட்டா பிஸ்கோத்து மாறி துப்பும். நான் காலியா வுட்டதே இல்ல. டீ குடிக்கக்கூட எறங்க மாட்டேன், மேலயே வாங்கிக் குடிப்பேன். பன்னெண்டு வர்ஷம்.”

“எல்லாரும் அப்டிதான் சொல்றாங்கோ பாய்.”

“எல்லாரும் சொல்லட்டும். நீ இத்த பாரு.”

பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மேஜை மேல் கிடந்த கேஜைத் தூக்கி, இருபது எம்எம் ஜல்லிக்கான துளையில் அதை வைத்தார். பழக்கமில்லாத கை. கல் துளையின் ஓரத்தில் போய் நின்றது. போகவில்லை. திருப்பினார். போகவில்லை.

“பாத்தியா? போவல.”

கோமளா சிரித்தாள். கேஜை வாங்கினாள். அதே கல், அதே துளை. கட்டைவிரலால் ஒரு தள்ளு. டக்கென்று கீழே விழுந்தது.

“தள்ளத் தெர்ல பாய் உனுக்கு.”

வினோத் விசில் அடித்தான். “அக்கா விரல் பட்டா மலையே உள்ள பூந்துரும் பாய். எங்க லேபுக்கே அக்காதான் மிஷினு.”

ரசாக்கின் முகம் விழுந்துவிட்டது. இன்னொரு கல்லை எடுக்கப் போனார். அப்போது கோமளா சொன்ன வார்த்தை இது. என்னிடம் அவள் சொன்னபோது அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“இன்னா பாய், இந்த சப்பை மேட்டருக்கு ரெண்டு பஸ் மாறி வந்துகினு. வேற கிரஷரே இல்லியா ஊர்ல?”

ரசாக் பையை மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கைகழுவி வந்தவள், மேஜையைச் சுத்தம் செய்ய அந்தப் பையை எடுத்தாள். கல்லையெல்லாம் குப்பையில் கொட்டுவதற்கு முன்னால், பழக்கதோஷத்தில், ஒன்றைக் கேஜில் வைத்தாள். நடுவில் வைத்தாள். போனது. கீழே விழுந்த அதே கல்லை எடுத்து, ரசாக் வைத்த மாதிரி ஓரத்தில் வைத்தாள். நின்றது. மறுபடி நடுவில். போனது. ஓரத்தில். நின்றது.

அடுத்த கல். அதுவும் அப்படியே.

வெர்னியரை எடுத்து அளந்தாள். அந்தத் துளை பத்து புள்ளி எட்டு எம்எம் அகலம் இருக்க வேண்டும். ஓரத்தில் பத்து புள்ளி எட்டு. நடுவில் பதினொன்றரைக்குப் பக்கம். பத்தொன்பது வருடம் ஒரே இடத்தில் வைத்து ஒரே விரலால் தள்ளித் தள்ளி, துளை நடுவில் வயிறு வைத்துவிட்டது. லேபுக்கு அதிகம் வருவது அந்த அளவு ஜல்லிதான், அதனால் அந்த ஒரு துளை மட்டும். வருடா வருடம் கேஜைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு ஆள் வருவார். அவர் துளையின் ஓரத்தில் ஒரு இடம் அளப்பார், ஸ்டிக்கர் ஒட்டுவார், காபி குடிப்பார், போவார். ஸ்டிக்கர் இந்த வருடத்துக்கும் இருந்தது. பீரோவில் இரண்டு வருடமாக ஒரு புதுக் கேஜ் எண்ணெய்க் காகிதம் சுற்றியபடியே கிடந்தது. விளிம்பு கூராக இருக்கிறது, கைக்கு ஒத்துவரவில்லை என்று அவள்தான் அதைத் தள்ளி வைத்திருந்தாள்.

மற்ற கிரஷர்களின் ஜல்லி இருபத்தைந்துக்கு உள்ளேயே நிற்கும். அதில் ஐந்தாறு கூடினாலும் பாஸ்தான், யாருக்கும் தெரியாது. ரசாக்கின் பாறை பொல்லாத பாறை. எல்லைக்குப் பக்கத்தில் அவர் பிடித்து நிறுத்தியிருந்த கல்லை இவள் விரல் எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது.

அன்று சாயங்காலம் என்னைத் தேடி வந்தாள். எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் வழக்கமாக உட்காரும் டீக்கடை. வந்து, டீ சொல்லாமல், கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நாளிக்கி சார் கையில சொல்லிடப் போறேன் தோழர்.”

நான் கேட்டேன், “சொன்னா இன்னா ஆவும்னு யோசிச்சியா?”

“பாய்க்கு வேல கெடைக்கும்.”

“உனுக்கு?”

அவள் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இத்த பாரு கோமளா. லேபுக்குப் பேரு கெடும். ரோட்டுக்காரன் நஷ்டஈடு கேப்பான். அப்ப உன் சாரு இன்னா சொல்வாரு? எல்லாம் கோமளாதான்னு உன்னத் தூக்கி வெளிய போடுவாரு. ஊட்டுக்காரு படுத்துகினு கீறாரு. பொண்ணு படிச்சிகினு கீது. பீரோவுல புதுக் கேஜ் கீதில்ல? நாளிலேந்து அத்த எடு. பழச உள்ள வையி. தப்பு நின்னுடுச்சில்ல, அவ்ளோதான். சும்மா கம்முனு இரு.”

“அந்தாளு இன்னா பண்ணுவாரு?”

இதற்கு நான் சொன்ன பதிலை எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதுகிறேன்.

“அவன் நம்ம மெம்பரா?”

கோமளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவரு ஆபரேட்டரு தோழர்” என்றாள். எழுந்து போய்விட்டாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டாள். என் பேச்சைக் கேட்டே பழகியவள் அவள்.

புதுக் கேஜை எடுத்தாள். பழையதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். வினோத் கேட்டான், “இன்னாக்கா, புது மாப்ள வந்துட்டாரா?” “பழசு கை வலிக்குதுடா” என்று சொன்னாள். பத்தொன்பது வருடத்தில் லேபுக்குள் அவள் சொன்ன முதல் பொய் அது. எனக்குத் தெரிந்து.

மூன்று வாரம் கழித்து அதே அய்யாசாமி கிரஷரிலிருந்து நாலாவது மூட்டை வந்தது. புது ஆபரேட்டர், புதுக் கேஜ். முப்பத்து நாலு. பாஸ்.

லேப் பொறுப்பாளர் பார்த்தசாரதி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். மறுநாள் காலை அய்யாசாமியின் குரல் லேப் முழுக்கக் கேட்டது.

“சார், பாஸாயிடுச்சா? நான்தான் சொன்னேனே. கோளாறு மெஷின்ல இல்ல, அந்த பாய்கிட்ட. ஆளத் தூக்குனேன், கல்லு தானா சரியாப் போச்சி. இப்ப பேசச் சொல்லுங்க அந்தாள.”

கோமளாவின் கையில் ஒரு கல் இருந்தது. அதை எந்தத் தட்டில் போடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாளாம். யாருக்கும் தெரியாமல் திருத்திய திருத்தம், ரசாக் தலையில் இரண்டாவது ஆணி அடித்துவிட்டது. இதுவரை சந்தேகம்தான் இருந்தது. இப்போது அத்தாட்சியே வந்துவிட்டது. எல்லாம் என் யோசனை.

வினோத் காட்டுப்பாக்கம் பக்கம் குடியிருக்கிறவன். அவன்தான் இன்னொன்றும் சொன்னான். ரசாக் டைல்ஸ் குடோனில் லோடு இறக்குகிறார். அதற்கு முன்னால் வேறொரு கிரஷருக்குப் போயிருக்கிறார். கேட்டிலேயே, ‘சப்பை பாயா? எங்க கல்லையும் சப்பையாக்க வந்தியா?’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வினோத் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கோமளா அவனை ஒரு முறை முறைத்தாள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

சோதித்த மூட்டையில் பாதியை லேபில் கட்டி முத்திரை போட்டுப் பின்கட்டில் வைப்பார்கள். தகராறு வந்தால் மறுபடி பார்ப்பதற்கு. ரசாக்கின் மூன்று மூட்டையும் அங்கேதான் இருந்தது. கோமளா வினோத்தைக் கூப்பிட்டாள்.

“வாடா, மூணையும் தூக்கியாந்து கொட்டு.”

“யாரு சொன்னது?”

“நான் சொல்றேன். நீ தள்ளு. நான் தொட மாட்டேன்.”

இரண்டு நாள் ஆயிற்று. புதுக் கேஜில் அவன் தள்ளினான், அவள் எண்ணினாள், எழுதினாள். முதல் மூட்டை முப்பத்திரண்டு. இரண்டாவது முப்பத்து மூன்று. மூன்றாவது முப்பத்திரண்டு. மூன்றும் பாஸ். அதை விடப் பெரிய அடி எது தெரியுமா? புது ஆபரேட்டரின் கல் முப்பத்து நாலு. வேலையை விட்டுத் துரத்தப்பட்டவரின் கல், வேலையில் இருக்கிறவனின் கல்லை விட நல்ல கல்.

ரிஜிஸ்டரையும் பழைய கேஜையும் எடுத்துக்கொண்டு பார்த்தசாரதியின் அறைக்குப் போனாள். அவர் மோசமான ஆள் இல்லை, பயந்த ஆள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இது எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?”

“அந்த பாய் வந்துட்டுப் போன அன்னிக்கே சார்.”

“நாலு வாரம் ஆகுது கோமளா!”

“ஆமா சார்.”

“அன்னைக்கே சொல்லியிருந்தா கேஜ் மேல பழியப் போட்டுட்டுப் போயிருக்கலாம். இப்போ நாம மறைச்சோம்னு ஆயிடும். புரியுதா? ஏம்மா சொல்லல?”

என் பேரை அவள் சொல்லவில்லை. “வேலை போயிடும்னு பயந்தேன் சார்” என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தசாரதி ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் திருத்திய அறிக்கை தயாரித்தார். பழைய எண்ணுக்குப் பதில் புது எண், கருவியின் தேய்மானத்தால் மறுபரிசோதனை செய்யப்பட்டது என்று ஒரு வரி. அய்யாசாமிக்கு ஒரு நகல், ரோடு கான்ட்ராக்டருக்கு ஒரு நகல். கோமளாவை வேலையிலிருந்து எடுக்கவில்லை, மேஜையிலிருந்து எடுத்தார். இப்போது சல்லடை கழுவுகிறாள், மூட்டை பிரிக்கிறாள். கேஜைத் தொடக் கூடாது. அவள் உட்கார்ந்த இடத்தில் வினோத் உட்கார்ந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டிருக்கிறான்.

அய்யாசாமி போனில் சொன்னார், “அதெல்லாம் சரி சார். நான் புது ஆள் போட்டுட்டேன். பழசக் கிளறாதீங்க.”

கோமளா என்னிடம் வந்தாள். இந்தத் தடவை யோசனை கேட்க வரவில்லை. “ஞாய்த்துக்கெழம காட்டுப்பாக்கம் போறேன். நீங்களும் வரீங்க” என்றாள். நான் போனேன்.

ரசாக்கின் வீடு ஒரு சந்துக்குள். ஒரே அறை. எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. அவர் மனைவிதான் இரண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டு டீ கொண்டுவந்தார்.

கோமளா டீயைத் தொடவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். கேஜ், ஓரம், நடு, விரல், நாலு வாரம். முடிந்ததும் ரசாக் கேட்டார்.

“அன்னிக்கி ஓரத்துல போவல. நான் சொன்னேன்ல?”

“சொன்ன பாய்.”

“தள்ளத் தெர்லன்னு சொன்ன.”

“ஆமா.”

“நாலு வாரம் தெரிஞ்சிகினு கீற.”

“ஆமா.”

திருத்திய அறிக்கையை நீட்டினாள். அவர் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

“இதுல என் பேரு எங்கக்கா?”

“ரிப்போர்ட்ல ஆளு பேரு வராது பாய். கிரஷர் பேரு, மூட்ட நம்பரு, அவ்ளோதான்.”

“ஃபெயிலானப்ப மட்டும் என் பேரு வந்துச்சே?”

எனக்குத் தலை குனிந்துவிட்டது. முப்பது வருட நோட்டீஸில் நான் இப்படி ஒரு வரி எழுதியதில்லை.

கோமளா அறிக்கையைத் திருப்பி வாங்கினாள். ஸ்டூல் மேல் வைத்து, பின்பக்கம் பேனாவால் எழுதினாள். நிதானமாக, ரிஜிஸ்டரில் எழுதுகிற கையெழுத்தில். ‘கல் நல்ல கல். ஆபரேட்டர் அப்துல் ரசாக் மேல் தப்பில்லை. கேஜ் தேய்ந்திருந்தது. தேய்த்தது நான். தெரிந்தும் நாலு வாரம் சொல்லவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டு, லேப் பேரும் தேதியும் எழுதினாள்.

ரசாக் படித்தார். பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தார்.

“இவரு யாரு? உங்க ஊட்டுக்காரரா?”

“இல்ல பாய். யூனியன் தோழரு. என்ன வாய மூடச் சொன்னவரு.”

ரசாக்கின் மனைவி சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டார். ரசாக் சிரிக்கவில்லை. காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“அப்ப சாட்சிக்கி சரியான ஆளுதான். போடு நைனா கையெழுத்து.”

போட்டேன். எத்தனையோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் பேனா இவ்வளவு கனக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை ஆட்டித் தடுத்துவிட்டார். மன்னித்ததாக அர்த்தமில்லை, பேச்சு வேண்டாம் என்று அர்த்தம். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“திங்கக்கெழம திருமழிச பக்கம் ஒரு கிரஷர்ல ஆளு கேக்குறாங்கோன்னு சொன்னாங்கோ. இத்த காட்டிப் பாக்குறேன். எடுத்தா எடுக்கட்டும்.”

அந்த நேரத்தில் சந்து முனையிலிருந்து ஒரு குரல் வந்தது. டைல்ஸ் லாரி வந்துவிட்டது போல.

“ஏ சப்பை பாய்! வண்டி வந்துகினு கீது, வா!”

ரசாக் சாதாரணமாகவே, “தோ வரேன்டா” என்று குரல் கொடுத்தார். பழகிவிட்டது. அதுதான் கொடுமை.

கோமளாவுக்குப் பழகவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் சந்துக்குள் இறங்கினாள்.

“யார்றா அது சப்பைன்னு கூப்புட்றது? அவரு பேரு அப்துல் ரசாக். இன்னொரு வாட்டி சொல்லு, பாக்கலாம்!”

லாரிக் கதவில் தொங்கிக்கொண்டிருந்த ஆள் மிரண்டு போனான். “நீ யாருக்கா அத்த கேக்க?”

“கேஜத் தேச்சவ.”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. டிரைவரைப் பார்த்தான். டிரைவர் ஹாரன் அடித்தார். ரசாக் என்னைத் தாண்டி, கோமளாவைத் தாண்டி, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே லாரிப் பக்கம் நடந்தார்.